ஏழில் ஒரு ஃப்ரேம்

படத்தொகுப்பு மேசையில் முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் செய்த ஏமாற்று வேலைகள் ஏராளம். தி. நகரில் கிளம்பும் கார் ஊட்டியில் போய் நிற்கும். யாரையோ பார்த்துச் சிரித்த நடிகை காதலனைப் பார்த்துச் சிரிப்பார். இதற்கெல்லாம் சம்பளம் கொடுத்தார்கள், யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒருமுறை பிடிபட்டேன். பிடித்தவர் அதற்கு முன் ஃபிலிமைக் கையால் தொட்டிராத ஓர் அரசு அலுவலக எழுத்தர். சட்டைப்பையில் இருந்த ஸ்டாப் வாட்ச் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு ஃப்ரேமை எடுப்பது விரல் அசைவு. எடுத்தது எங்கே போனது என்று நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்கும். வெட்டிய துண்டுகள் அதற்குள் கிடக்கும். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அந்த வேறுபாடு சிறியதல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

நான் பத்திரிகையிலிருந்து வந்தவன். மவுண்ட் ரோட்டில் ஒரு நாளிதழில் நான்கு ஆண்டுகள் துணை ஆசிரியர். எந்தச் செய்தியையும் கீழிருந்து வெட்டலாம் என்று அங்கே கற்றுக்கொண்டேன். சினிமாவில் அப்படி வெட்டினால் கிளைமாக்ஸ் போய்விடும் என்று முதல் வாரமே தெரிந்தது. மற்றபடி இரண்டும் ஒரே வேலைதான். இருப்பதில் எது வேண்டாம் என்று முடிவு செய்வது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. வயதான விளையாட்டு வீரன் ஒருவன் மறுபடி களத்தில் இறங்குகிறான், அதுதான் கதை. ஓட்டம், குத்துச்சண்டை எல்லாவற்றையும் யோசித்துவிட்டு இயக்குநர் நடைப் போட்டியைத் தேர்ந்தெடுத்தார். அவர் மயிலாப்பூர்க்காரர். ஒரு நாள் காலையில் கடற்கரைச் சாலையில் யாரோ ஒருவர் இடுப்பை வெட்டி வெட்டி நடந்துபோனதைப் பார்த்திருக்கிறார்.

“சார், ஒரு டயலாக் வேண்டாம். அந்த மனுஷன் பாட்டுக்கு நடந்துண்டு போறார், நான் ஸ்கூட்டர நிறுத்திட்டுச் சிரிச்சிண்டு நிக்கறேன். இதவிட என்ன வேணும்?” என்றார்.

நாயகன் ஐம்பதைக் கடந்த நகைச்சுவை நடிகர். முகம் எதையும் செய்யும், முழங்கால் எதையும் செய்யாது. எனவே முகம் அவருடையது, கால் இன்னொருவருடையது என்று முடிவானது. அந்தக் காலுக்காக, இயக்குநர் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்த அதே ஆளைத் தேடிப் பிடித்தார்கள். அவர் பெயர் தனகோட்டி. வயது நாற்பத்தைந்து. ராயப்பேட்டையில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, விளையாட்டு போய் வேலை மட்டும் மிஞ்சியிருந்தது.

நடைப் போட்டியின் முக்கிய விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். பின்கால் தரையை விடுவதற்குள் முன்காலின் குதிகால் தரையைத் தொட்டுவிட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அது ஓட்டம்; கால் தூக்குவது என்பார்கள். அதைக் கண்ணால் பார்க்க வழி நெடுக நடுவர்கள் நிற்பார்கள். மூன்று நடுவர்கள் தனித்தனியே சிவப்பு அட்டை எழுதினால் ஆள் வெளியே.

முதல் ரஷ்ஷை, அதாவது எடுத்தபடியே வந்த படச்சுருளை, போட்டுப் பார்த்த அன்று தியேட்டரில் இருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தோம். திரையில் இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது. தனகோட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு போட்டதும் இயக்குநருக்குக் கொஞ்சம் சங்கடம்.

“தப்பா எடுத்துக்கப்படாது, தனகோட்டி.”

“இதுல இன்னா சார் தப்பு? இருவது வருஷமா ரோட்ல நின்னு சிரிக்கிறாங்கோ. இங்க ஏசி போட்டு, உக்கார வெச்சி சிரிக்கிறாங்கோ. முன்னேற்றம்தான?” என்றார்.

தயாரிப்பாளருக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒரு காட்சியிலாவது அவர் முகத்தைக் காட்டலாமே என்றார். இயக்குநர் உடனே மறுத்தார். “வேண்டாம் சார். இவர் மூஞ்சியப் பாத்தா ஜனங்க சீரியஸ் ஆயிடுவா.”

உண்மைதான். தனகோட்டி நடக்கும்போது கால்கள் மட்டும்தான் வேடிக்கையாக இருக்கும். கழுத்துக்கு மேலே, நீதிமன்றத்தில் தீர்ப்புக்காகக் காத்திருப்பவரின் முகம்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் என் அறை. ஒரு மதியம் தனகோட்டி படியேறி வந்தார். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“சார், இந்த மெஷின்ல ஒவ்வொரு படமா நிறுத்திப் பாக்கலாமாமே? கேமராமேன் சொன்னாரு.”

பார்க்கலாம் என்றேன். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படங்கள், எதில் வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

“அப்ப ட்ராலில எடுத்தாங்களே, நான் ஃபுல் ஸ்பீடுல போனது, அதப் போடுங்க. கால் தூக்குதா இல்லியான்னு பாக்கணும்.”

அந்தத் துண்டு தயாராகவே இருந்தது. மூவியோலா இயந்திரத்தில் மாட்டி ஒருமுறை ஓட்டினேன். பக்கவாட்டில், தண்டவாள வண்டியில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்த காட்சி. இருபது அடிகள் நடந்து சட்டகத்தைத் தாண்டிப் போகிறார். அவர் சட்டைப்பையில் கையை விட்டபடி பார்த்தார். ஓட்டத்தில் எதுவும் தெரியவில்லை, அவருக்கும் எனக்கும். நிறுத்திப் பார்ப்பதற்குள் தொலைபேசி அடித்தது. இயக்குநர் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். நாளை மதியம் வாருங்கள், நிதானமாகப் பார்ப்போம் என்றேன்.

அவர் போகவில்லை. வாசலில் நின்றபடி சொன்னார்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி, இருபது கிலோமீட்டர். இவர்தான் முதலில் போய்க்கொண்டிருந்தார். இரண்டாவது ஆள் கண்ணுக்கே தெரியவில்லை. முடிய நானூறு மீட்டர் இருக்கும்போது மூன்றாவது சிவப்பு அட்டை விழுந்தது. கால் தூக்கியதாக வெளியேற்றினார்கள். மறுநாள் அலுவலகத்துக்குப் போனால் மேசையில் ஒரு ஜோடி இறக்கை, அட்டையில் வெட்டி வைத்திருந்தார்கள்.

“இன்னிக்கி வரைக்கும் சார். ஆபீஸ்க்கு லேட்டா போனா, ‘இன்னா தனகோட்டி, இன்னிக்கி பறந்து வரலியா?’ன்றான். என் கீழ வேல செய்றவன் சொல்றான். அவன் அப்ப ஸ்கூல் படிச்சிக்கினு இருந்தான்.”

“நீங்கள் தூக்கினீர்களா?”

“தூக்கல. மூணு பேரும் சேந்து பண்ட்டாங்கோ.” கொஞ்சம் நிறுத்தினார். “அப்டித்தான் சொல்லிக்கினு கீறேன். ஆனா என் கால நானே எப்டி சார் பாக்கறது? குனிஞ்சி பாத்தா விழுந்துருவேன்.”

அதோடு போட்டியை விட்டவர், எப்போதாவது காலையில் மட்டும் நடந்துவந்தார். இந்தப் படத்துக்காக மீண்டும் தினமும் நடக்க ஆரம்பித்தார். உடம்பு பழைய நிலைக்கு வந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் பெசன்ட் நகரில் மூத்தோருக்கான ஐந்து கிலோமீட்டர் நடைப் போட்டி. பெயர் கொடுத்திருக்கிறார்.

“தூக்கலன்னா போவேன் சார். தூக்கறேன்னு தெரிஞ்சா, பதினாறு வருஷம் மூணு மனுஷனத் திட்டினதுக்கு மன்னிப்பு கேட்டுக்கினு வூட்ல குந்திருவேன். இன்னொரு தபா அட்ட வாங்க முடியாது.”

அவர் இறங்கிப் போனதும் கைச்சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தேன். ஓர் அடிக்கு ஏழு ஃப்ரேம். ஆறில் ஏதாவது ஒரு கால் தரையில் இருந்தது. ஏழாவதில் இரண்டும் இல்லை. காலணிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு, ஒரு நூல் கனம். அடுத்த அடியிலும் அப்படியே. இருபது அடியிலும் அப்படியே. மனிதர் ஒழுங்கானவர். ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில் பறந்தார்.

இயக்குநர் வந்தார். நாளை மறுநாள் பேட்ச் ஒர்க். விடுபட்ட கால் நெருக்கக் காட்சிகளை ஒரே நாளில் முடிக்க வேண்டும். வெளியீட்டுத் தேதி போஸ்டரில் வந்துவிட்டது. தனகோட்டி வந்து போனதைச் சொன்னேன், வெளிச்சக் கோட்டைச் சொல்லவில்லை.

“அவர் மூட் அவுட் ஆயிடப்படாது சார். அந்தக் கால் இல்லேன்னா படம் இல்ல. எதையாவது நல்லதாச் சொல்லி அனுப்புங்கோ” என்றார்.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இருபது அடியிலும் அந்த ஏழாவது ஃப்ரேமை மெழுகுப் பென்சிலால் குறித்தேன். வெட்டினேன். டேப்பால் ஒட்டினேன். இருபது ஃப்ரேம், இருபது ஒட்டு, ஒன்றரை மணி நேரம். ஒட்டு தெரியும், ஆனால் வெளியாளுக்கு ரஷ் என்றாலே ஒட்டுதான். கைச்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். தனகோட்டி சட்டகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கணம்கூடத் தரையை விடாமல் நடந்தார். கொஞ்சம் வேகம் கூடியிருந்தது. அது அவருக்கு நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். இரக்கம் என்று சொல்லலாம். அது இருந்தது. ஆனால் நாளை மறுநாள் பேட்ச் ஒர்க் இல்லையென்றால் அதே இரக்கம் எனக்கு வந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நெருக்கடியில் நமக்கு வசதியான முடிவும் நல்ல முடிவும் ஒன்றாகவே தெரிந்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு காபி குடியுங்கள். நான் அன்று குடிக்கவில்லை.

மறுநாள் மதியம் சரியாக ஒன்றே காலுக்கு வந்தார். இந்தமுறை உட்கார்ந்தார். சக்கரத்தை மெதுவாகத் திருப்பினேன். அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்துகொண்டார்.

“இது கால் கீது.”

“ஆமாம்.”

“இதுல ரெண்டு காலும் கீது.”

“ஆமாம்.”

“இது... இதுவும் கீது.”

இருபது அடியும் இப்படியே போனது. முடிந்ததும் நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு முழுதாக வந்திருந்தது.

“இன்னொரு வாட்டி, ஸ்பீடா ஓட்டுங்க சார்.”

ஓட்டினேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய க்ளிக் சத்தம் கேட்டது. முடிந்ததும் இன்னொரு க்ளிக். ஸ்டாப் வாட்சை வெளியே எடுத்துப் பார்த்தார்.

“அஞ்சு செகண்டு.”

“அப்படியா?”

“இருவது அடி, அஞ்சு செகண்டு. நிமிஷத்துக்கு எரநூத்தி நாப்பது அடி சார். என் உச்சமே எரநூத்தி ஆறுதான். ஒலகத்துல எவனும் எரநூத்தி நாப்பதுல நடக்கல.”

“மெஷின் சில நேரம் கொஞ்சம் வேகமாக ஓடும்” என்றேன். இரண்டாவது பொய்க்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்படவில்லை.

“நேத்தும் இதே மெஷின்தான? நேத்து ஆறு செகண்டு வந்துச்சே. கொஞ்சம் கம்மி.” ஸ்டாப் வாட்சை மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. “ஒரு செகண்டு எங்க சார்?”

அவரே மேலே கணக்குப் போட்டார். வாய் மட்டும் அசைந்தது.

“ஒரு செகண்டுக்கு இருவத்தி நாலுன்னீங்க. ஏறக்குறைய இருவது போயிருக்கு. அடிக்கு ஒண்ணு.” என்னைப் பார்த்தார். “எல்லாத்துலயுமா சார்?”

“எல்லாவற்றிலும்.”

“குடுங்க.”

துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். கீழே பாண்டி பஜாரில் யாரோ பிளவுஸ் பிட் விலை கத்திக்கொண்டிருந்தார்.

“இவ்ளோதானா?” என்றார்.

“இவ்வளவுதான்.”

“ஒரு நூலு.”

“கண்ணுக்குத் தெரியாது, தனகோட்டி. எந்த நடுவராலும் இதைப் பார்த்திருக்க முடியாது.”

“அப்ப அன்னிக்கி இத விட ஜாஸ்தியா தூக்கியிருக்கேன். அதான் தெரிஞ்சிருக்கு.” ஃப்ரேமை மேசையில் வைத்தார். “நீங்க இன்னாத்துக்கு சார் இத எடுத்தீங்க?”

“நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று.”

“நான் சந்தோசப்பட வரல சார். பாக்க வந்தேன்.”

ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் காலடிச் சத்தத்தை எண்ணினேன். நிதானமாகத்தான் இருந்தது.

அன்று மாலை இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நல்லதாச் சொல்லி அனுப்புங்கோன்னேன். ஆளையே அனுப்பிட்டேளே.”

பேட்ச் ஒர்க் அன்று காலை ஐந்தரைக்கு அடையாறில் ஒரு பள்ளி மைதானத்தில் எல்லோரும் நின்றோம். வேலை இல்லாவிட்டாலும் நானும் போயிருந்தேன். சொன்ன நேரத்துக்கே தனகோட்டி வந்தார். யாரோடும் பேசாமல் காலணியை மாட்டினார். ‘ஸ்டார்ட்’ சொன்னதும் நடந்தார். மறுபடி நடக்கச் சொன்னதும் மறுபடி நடந்தார். பதினோரு டேக். நாயகன் நாற்காலியிலிருந்து கேட்டார்: “அண்ணே, என் காலு இன்னிக்கி ஏன் இவ்ளோ மெதுவா போவுது?”

“ஒங்க காலு நல்லாதான் கீது. இன்னிக்கி யோசிச்சிக்கினு போவுது” என்றார் தனகோட்டி.

அந்த ரஷ் என் மேசைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சக்கரத்தைத் திருப்பினேன். ஓர் அடிக்கு எட்டு ஃப்ரேம். எட்டிலும் ஏதாவது ஒரு கால் தரையில் இருந்தது. சில இடங்களில் வெளிச்சக் கோடு வரப்பார்த்து, வராமல் போயிருந்தது. பழைய காட்சிகளில் அடிக்கு ஏழு, புதியவற்றில் எட்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே பந்தயத்தில் ஆள் மாறியதுபோல் இருந்தது. வேகத்தைச் சமமாக்க வேறு வழியில்லை, புதிய காட்சிகளில் அடிக்கு ஒரு ஃப்ரேம் வெட்டினேன். சில நாள் முன் செய்த அதே வேலை, இந்தமுறை தொழில் நேர்மையோடு. கால்கள் கொஞ்சம் வெட்டி வெட்டிப் போயின. தியேட்டரில் அந்த இடத்துக்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

படம் சுமாராக ஓடியது. பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு நினைவு வராது.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகருக்குப் போனேன். அவர் வருவார் என்ற நம்பிக்கை இல்லை. வரவில்லையென்றால் அதற்கு நானும் ஒரு காரணம், அதைப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கடற்கரையை ஒட்டிய சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மாதா கோயில் பக்கம் ஒரு திருப்பம், மறுமுனையில் ஒரு திருப்பம். ஒன்பது பேர். எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல். முதுகில் எண் குத்திக்கொண்டு மூன்றாவதாகத் தனகோட்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், தலையசைக்கவில்லை.

நான்கு கிலோமீட்டர் வரை ஐந்தாவதாகவே வந்தார். நிதானமாக, யோசித்தபடி. காலை நடைக்கு வந்திருந்தவர்கள் நின்று சிரித்தார்கள். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒருவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து காட்டினார். கடைசி கிலோமீட்டரில் தனகோட்டி வேகமெடுத்தார். ஒருவரைத் தாண்டினார். இன்னொருவரைத் தாண்டினார். கடைசித் திருப்பத்தில் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். முதலாவது ஆள் பத்தடிதான் முன்னால்.

முடிய இருநூறு மீட்டர் இருக்கும். கோட்டுக்கு வெளியே நடுவராக ஓர் அம்மா நின்றிருந்தார். ஏதோ பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. தலையில் தொப்பி, கையில் அட்டை. அவருக்கு எதிரே வந்ததும் தனகோட்டி கையைத் தூக்கினார். வேகத்தைக் குறைத்தார்.

“மேடம், தூக்கிட்டேன்.”

“என்னது?”

“காலு தூக்கிருச்சு. இப்ப, அந்தக் கம்பத்தாண்ட. நாலஞ்சு அடி. எழுதிக்கோங்க.”

அந்த அம்மா அவரையும் கம்பத்தையும் பார்த்தார். “நான் பாக்கலையே அண்ணே.”

“நான்தான் சொல்றன்ல?”

“நீங்க சொன்னா எழுத முடியாது. என் கண்ணுல பட்டாத்தான் எழுதணும். போங்க, நடங்க.”

“தூக்கினவன் நானு. எனக்குத் தெரியாதா?”

“அண்ணே, ரூல்ஸ் எனக்குச் சொல்லித் தராதீங்க. நின்னு பேசினாத்தான் இப்ப வெளிய அனுப்புவேன். நடங்க!”

பேச்சு நடக்கும்போதே இருவர் அவரைத் தாண்டிப் போனார்கள். தனகோட்டி நடந்தார். மிச்ச இருநூறு மீட்டரை எட்டு ஃப்ரேம் நடையில் முடித்தார். நான்காவது.

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். கோபமும் மூச்சிரைப்பும் ஒன்றாக இருந்தன.

“ஏன் சொன்னீர்கள்? யாரும் பார்க்கவில்லையே” என்றேன்.

“நீங்க அந்தத் துண்டக் காட்டினீங்கள்ல. அதுக்கப்புறம் ஒம்போது நாளா ரோட்ல அந்த நூலத் தேடிக்கினு கீறேன் சார். இத்தினி வருஷம் தெரியல. இப்ப தெரியிது. கண்ணுக்கு இல்ல.” குனிந்து காலணியைத் தொட்டுக் காட்டினார். “இங்க, கட்ட விரலாண்ட. தரைய வுடும்போது ஒரு மாதிரி வெத்தா கீது. தெரிஞ்சப்புறம் எப்டி சார் சும்மா போறது?”

வெட்டி ஒளித்த இருபது ஃப்ரேம்களில் இருந்தது அவருடைய வருத்தம் மட்டும் என்று நினைத்திருந்தேன். பதினாறு ஆண்டுகளாக அவருக்குத் தேவைப்பட்ட பயிற்சியும் அதில்தான் இருந்திருக்கிறது. ஒருவருக்கு எது தேவையில்லை என்று அவருக்காக முடிவு செய்யும்போது இதை நினைவில் வையுங்கள். படத்தில் தாராளமாக வெட்டுங்கள். அது நம் வேலை. மனிதர் நேரில் வந்து கேட்டால் பையைக் கவிழ்த்துக் காட்டிவிடுங்கள்.

அரை மணி கழித்து முடிவுத் தாளை ஓர் அட்டையில் செருகி மேசைமேல் வைத்தார்கள். எண், பெயர், நேரம், கடைசியில் கால் தூக்கியதற்கான எச்சரிக்கைகளுக்கு ஒரு கட்டம். முதலில் வந்தவருக்கே அதில் ஒரு குறி இருந்தது. தனகோட்டி தன் பெயரிலிருந்து விரலை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். கட்டத்தில் வந்து நின்றது. அது காலியாக இருந்தது. அதன்மேல் விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

“சொன்னேன். எழுதல” என்றார்.

பிறகு அந்த அம்மாவிடம் போனார். “மேடம், இந்தக் காயிதத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?”

“எதுக்கு அண்ணே? நாலாவதுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் கிடையாது.”

“சர்ட்டிபிகேட் வாணாம்மா. இதே போதும்.”

“சரி, பத்து நிமிஷத்துல வந்துடணும். ஒரே காப்பிதான் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை. பெசன்ட் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையும் திறக்கவில்லை. தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாஸ்திரி நகர் பக்கம் போனார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தனகோட்டி திரும்பி வந்து மூலத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் இரண்டு பிரதிகளைக் காட்டினார். இரண்டிலும் அந்தக் கட்டம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணு ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்றதுக்கு.”

“இன்னொன்று?”

“அதக் கிழிச்சிட்டாங்கன்னா ஒட்றதுக்கு” என்றார்.